எம்மெல்லே வாத்தியாரின் தகரப் பெட்டி: ஒரு மலர் உருவானபோது நடந்தவை

ராமநாதபுரம் மாவட்டத்தின் வடகடல் (பாக் விரிகுடா) கரையில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் உள்ள ஒரு மீனவர் ஊரில் இது நடந்தது. யாருடைய பெயரும் இதில் இல்லை. கட்சி, தேர்தல், கல்லூரி ஆகியவற்றையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் விட்டிருக்கிறேன். ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை மலராகத் தொகுக்கும் வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது. அதில் நாங்கள் எங்கெங்கே சறுக்கினோம் என்பது மற்றவர்களுக்குப் பயன்படலாம்.

பின்னணி

வாத்தியாருக்கு 80 வயது நிறைவதை ஒட்டி, அவரிடம் படித்தவர்களும் ஊர்க் கமிட்டியும் சேர்ந்து ஒரு மலர் போட முடிவு செய்தார்கள். தொகுக்கும் பொறுப்பு மூன்று பேருக்கு வந்தது. கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்ற நான், வரலாறு சொல்லித்தரும் ஓர் இளம் உதவிப் பேராசிரியை, படம் எடுக்கவும் தட்டச்சு செய்யவும் வாத்தியாருடைய தங்கையின் பேரன். கையில் இருந்தது ஆறு மாதம்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். அப்பா வல்லம் என்ற நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர், அம்மா கருவாடு போட்டு விற்றவர். விடுதியில் தங்கிப் படித்து மதுரையில் பி.ஏ. முடித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-ல்தான் வந்தது. அதனால் இவருடையது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்து அரசுக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அன்றைக்குச் சிவகங்கையும் விருதுநகரும் இதே மாவட்டம்தான், 1985-ல்தான் மூன்றாகப் பிரிந்தது. ஆகவே அவருடைய இடமாற்றங்களும் அந்தப் பக்கமெல்லாம் சுற்றின. அப்புறம் வேலையை விட்டுச் சட்டமன்றத் தேர்தலில் நின்றார், ஜெயித்தார். ஒரே ஒரு முறை. அடுத்த தடவை தோற்றார். அதன் பிறகு ஊரிலேயே தங்கிவிட்டார். ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'எம்மெல்லே வாத்தியார்' என்றால்தான் தெரியும்.

வேலையை விட்ட விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் பலவற்றுக்கு வேர் அதில் இருக்கிறது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர் வேட்புமனுப் பரிசீலனை நாளன்று பணியில் இருந்தால் மனு செல்லாது. 20 ஆண்டு முடித்திருந்தால் விருப்ப ஓய்வில் போயிருக்கலாம், ஓய்வூதியமும் கிடைத்திருக்கும். வாத்தியாருக்கு அப்போது 17 ஆண்டுதான் ஆகியிருந்தது. ராஜினாமா ஒன்றுதான் வழி. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணி ஓய்வூதியக் கணக்கில் சேராது. விடுவிப்பு ஆணை கைக்கு வந்த மறுநாள் மனுத் தாக்கல் செய்திருக்கிறார். முன்னாள் உறுப்பினருக்கான ஓய்வூதியம் பின்னால் கிடைத்தது. 17 வருஷக் கல்லூரி வேலைக்கு ஒன்றும் இல்லை.

முதல் இரண்டு மாதத்தில் கண்டது

அவருடைய வீட்டுத் திண்ணையில் நான்கு நாள் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்தோம். கேட்டுப் பார்த்தால் எல்லாமே மேடைக் கதை. பல கூட்டங்களில் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன கதைகள், சிரிக்க வேண்டிய இடம்கூட மாறவில்லை. வந்து போகிறவர்கள் வேறு எடுத்துக்கொடுத்தார்கள்: "அதையும் சொல்லுங்கய்யா, மந்திரிகிட்ட மல்லுக்கு நின்னீகளே." அவரும் சொன்னார்.

இந்தச் சமயத்தில் ஊர்க் கமிட்டி எங்களிடம் மூன்று செய்திகளைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் அவர் வல்லத்தில் போய் ஆட்களைக் காப்பாற்றியது ஒன்று. ஊருக்கு ஜெட்டி (படகுத்துறை) கொண்டுவந்தது இன்னொன்று. நாட்டுப்படகுக்காரர்களுக்காகச் சட்டமன்றத்தில் விசைப்படகை எதிர்த்து முழங்கியது மூன்றாவது. இந்த மூன்றையும் தலைப்புகளாகவே வைத்து முதல் வரைவை எழுதிவிட்டேன். இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. 30 வருஷம் நூலகத்தில் இருந்தவன், ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன்.

பெட்டி திறந்தது மூன்றாவது மாதம். மச்சு அறையில் ஒரு பெரிய தகரப் பெட்டி. உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடித்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருநூறுக்குக் குறையாத மனுக்கள், கடிதக் கட்டுகள், சட்டமன்ற நாட்குறிப்பேடுகள். குண்டூசி குத்திய இடமெல்லாம் காவி நிறத்தில் ஓட்டை. ஒவ்வொரு மனுவின் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தார்: 'ஆனது', 'ஆகாது', 'எழுதியாச்சு'. எண்ணிப் பார்த்த உதவிப் பேராசிரியை, 'ஆனது' மிகக் குறைவு என்றார். 'எழுதியாச்சு'தான் பெரும்பாலும்.

அந்தப் பெட்டியிலேயே 1964 டிசம்பர் கடைசியில் அவர் அம்மாவுக்கு எழுதிய ஒரு தபால் அட்டையும் இருந்தது. மதுரை விடுதியிலிருந்து எழுதியது. ரயில் ஓடவில்லை, பாம்பன் பாலம் போய்விட்டது என்கிறார்கள், வீடு என்ன ஆனது என்று உடனே எழுதச் சொல்லவும், என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால்தான் 'சொல்லவும்'. புயல் இரவில் அவர் வல்லத்தில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் முடிவு: எதை எழுதுவது, எதை விடுவது

புயல் கதையை எடுத்துவிட்டுத் தபால் அட்டையைப் படமாகப் போட முடிவு செய்தோம். இதில் தகராறு வரவில்லை. வாத்தியாரே சிரித்துக்கொண்டு, "நான் சொல்லலையே, அவுகளா சொன்னது. மறுத்தா மேடை இறங்குன மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

ஜெட்டி அப்படி முடியவில்லை. உதவிப் பேராசிரியை இரண்டு முறை சென்னைக்குப் போய்ப் பேரவை நடவடிக்கைத் தொகுதிகளைப் பார்த்து வந்தார். அதில் வாத்தியார் ஜெட்டி பற்றிக் கேட்ட வினாவும் இருந்தது, நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்ற வகையில் வந்த அமைச்சரின் பதிலும் இருந்தது. அவ்வளவுதான். ஜெட்டியில் பதித்திருக்கும் கல்வெட்டில் தேதி அவருடைய பதவிக்காலத்துக்குப் பிந்தியது, பெயரும் அடுத்து வந்தவருடையது. கமிட்டித் தலைவரிடம் சொன்னபோது, "கல்லுல பேரு வேணா அவர் பேரா இருக்கட்டும். கேட்டது யாரு?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வேலை வினாவில் தொடங்கி, மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று நகர்ந்து கான்கிரீட்டாக மாறுவதற்குள் ஒரு பதவிக்காலம் முடிந்துவிடும். கேட்டவர் ஒருவர், ரிப்பன் வெட்டுகிறவர் இன்னொருவர் என்பதுதான் இங்கே வழக்கம். ஆனால் 'கொண்டுவந்தார்' என்று அச்சில் போட முடியாது. வினாவையும் பதிலையும் கல்வெட்டுத் தேதியையும் அடுத்தடுத்துப் போட்டோம். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. கமிட்டிக்குப் பிடிக்கவில்லை, சகித்துக்கொண்டார்கள்.

மூன்றாவதுதான் கனமானது. பேரவைத் தொகுதியில் மீன்வளத்துறை மானியக் கோரிக்கை (துறைக்கான ஆண்டு நிதி ஒதுக்கீடு) மீது அவர் பேசிய பேச்சு கிடைத்தது. விசைப்படகை அவர் எதிர்க்கவே இல்லை. தன் தொகுதி மீனவருக்கு விசைப்படகுக் கடன் போதவில்லை, மானியத்தைக் கூட்ட வேண்டும் என்று பேசியிருக்கிறார். இறால் ஏற்றுமதி விலை, ஒரு படகு எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடும் என்ற கணக்கெல்லாம் அதில் வருகிறது. பொருளாதார வாத்தியாரின் பேச்சு, சுத்தமான பேச்சு. அது 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி ஏற்பட்டதற்கும் பிற்பட்ட காலம். விசைப்படகு இழுத்ததில் நாட்டுப்படகு வலை அறுபட்டு, கரையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலமும் அதுதான்.

வாத்தியாரின் மகன் வெளியூரிலிருந்து வந்து, இதைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்பா ஊருக்குள் நடமாட வேண்டும், மலருக்குப் பாதிப் பணம் நாட்டுப்படகுச் சங்கம் கொடுக்கிறது, இந்த வயதில் எதற்கு என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். பேச்சைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை எடுத்துவிட்டு, 'மீனவர் நலனுக்காகக் குரல் கொடுத்தார்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்தேன். அது பொய் இல்லை. எழுதும்போது கை கூசியது, அவ்வளவுதான். உதவிப் பேராசிரியை அன்று என்னிடம் பேசவில்லை.

புரூஃப் படித்தபோது

நான்காவது மாதம் புரூஃப் அவரிடம் போனது. மறுநாள் காலையிலேயே ஆள் அனுப்பினார். போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நான் பேசினது எங்க?" என்றார். எது என்று தெரியாதது போல் நின்றேன். "மானியக் கோரிக்கையில பேசினது. அந்தப் பொண்ணு மெட்ராஸ் போய் எடுத்துட்டு வந்துச்சே, எங்க அது?"

அதன் பிறகு திண்ணையில் வேலை செய்வதை நிறுத்தினோம். அவரைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு இடம் இடமாகப் போனோம். முன்னாள் உறுப்பினர் என்பதால் அரசுப் பேருந்தில் அவருக்குக் கட்டணம் இல்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நடத்துநரிடம் காட்டுகிற வேகத்தைப் பார்த்தால், பதவியில் அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷம் அதுதானோ என்று தோன்றும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூரைத் தாண்டும்போது அவரே ஆரம்பித்தார்.

தேர்தலில் தோற்ற மறு வாரம், அவருடைய அப்பாவோடு தொழிலுக்குப் போன ஒரு பெரியவரைப் பார்க்கக் கரைக்குப் போயிருக்கிறார். அவர் கிழிந்த வலையைப் பரப்பிவைத்துக் கண்ணி பின்னிக்கொண்டிருந்தாராம். நிமிராமலே சொன்னாராம்: "தம்பி, நீ படிச்சவன், கணக்குப் போட்ட. வலை போட்டது நாங்க."

வாத்தியார் அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்லவில்லை. கடைக்குப் போய் ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கியிருக்கிறார்.

வலை நோட்டு

அந்த நோட்டு பெட்டியில் இல்லை. பூஜை அலமாரிக்குக் கீழே தனியாக இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. உண்மையில் மலரில் இருக்க வேண்டிய பொருள் இது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தோற்ற பிறகு பத்து வருஷத்துக்கு மேல், ஊரில் யாருடைய வலை அறுந்தாலும் அதை இந்த நோட்டில் ஏற்றியிருக்கிறார். கோடு போட்டுப் பிரித்த கட்டங்கள்: தேதி, கிழமை, ஆள், வலை வகை, எத்தனை துண்டு, எத்தனை பாகம் (கடல் ஆழ அளவு), இழுத்த படகின் நிறம், பார்த்த சாட்சி, ஈடு. நண்டு வலை, செவுள் வலை என்று வகை பிரித்திருக்கிறது. சில இடங்களில் 'இரவு 12க்கு முன்' என்றும் 'பின்' என்றும் சின்னதாக ஒரு குறிப்பு.

கிழமை எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். இந்தக் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஏற்பாடு. ஆகவே நாட்டுப்படகு நாளில் வலை அறுந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை, விதிமீறல். விசைப்படகு நாளில் அறுந்திருந்தால் கேள்வி மாறுகிறது, 3 கடல் மைலுக்கு உள்ளேயா வெளியேயா என்று. கடலில் மைல் கல் கிடையாது. ஆனால் வடகடல் ஆழம் குறைந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். எத்தனை பாகம் தண்ணீரில் வலை கிடந்தது என்று கேட்டால் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது தோராயமாக வந்துவிடும். வலை போடுகிற எவனுக்கும் பாகக் கணக்கு தெரியும், மைல் கணக்கு தெரியாது. நள்ளிரவுக் குறிப்பும் அதே காரணத்துக்குத்தான். ராத்திரி போட்ட வலை ஒரு கிழமையில் கிடந்து மறு கிழமையில் அறுபடும். அப்போது அது யாருடைய நாள்?

அதுவரை அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சமாதானப் பேச்சுகளில் ஒரு பக்கம் "எல்லா வலையும் போச்சு" என்று கத்தும், மறுபக்கம் "பொய்" என்று கத்தும். நோட்டு வந்த பிறகு பேச்சு பக்கம் பக்கமாக நடந்திருக்கிறது. சில வரிகளுக்கு எதிரே 'ஈடு' கட்டத்தில் தொகை ஏறியிருக்கிறது. பெரும்பாலான வரிகளில் அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

இரண்டாவது முடிவு

எடுத்த பக்கத்தைத் திரும்பச் சேர்த்தோம். பேரவைப் பேச்சை வெட்டாமல் போட்டு, அதன் எதிர்ப்பக்கத்தில் வலை நோட்டின் ஒரு பக்கத்தைப் படமாக வைத்தோம். நடுவில் வாத்தியார் கையெழுத்திலேயே அரைப் பக்கம். நான் அன்று போட்ட கணக்கில் ஒரு படகு எத்தனை பேருக்குச் சோறு போடும் என்பது இருந்தது, எத்தனை வலையை அறுக்கும் என்பது இல்லை, என்று எழுதியிருந்தார். மன்னிப்பு என்ற சொல்லைப் போடலாமா என்று கேட்டேன். "பேசினது தப்புன்னு இப்பவும் சொல்லல, பாதிதான் பேசினேன்" என்றார். விட்டுவிட்டேன்.

மகனிடம் அவரே பேசிக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

விசைப்படகு வைத்திருந்து ஓய்ந்துவிட்ட ஒருவரிடமும் நோட்டைக் காட்டினோம். இதை முன்பே செய்திருக்க வேண்டும். அவர் பொறுமையாகப் புரட்டிவிட்டு, தன் படகின் நிறம் எழுதியிருந்த இரண்டு வரிகளைக் காட்டி, அந்த நாட்களில் தன் படகு கரையேற்றி மராமத்தில் கிடந்தது என்றார். பட்டறை ரசீதையும் தேடி எடுத்து வந்தார், ஒரு தேதி பொருந்தியது. ஒரே நிறத்தில் பல படகு ஓடும், இருட்டில் நிறம் பார்த்துச் சொன்ன சாட்சி எவ்வளவு தூரம் நிற்கும்? அவருடைய மறுப்பையும் நோட்டுப் படத்தின் கீழேயே அச்சிட்டோம். வாத்தியார் அதைப் படித்துவிட்டு நோட்டில் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

பின்விளைவு

நாட்டுப்படகுச் சங்கம் தருவதாகச் சொன்ன பணத்தைத் தரவில்லை. காரணம் பேச்சா, ஜெட்டியா, விசைப்படகுக்காரரின் மறுப்பா என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. 160 பக்கம் திட்டமிட்ட மலர் 64 பக்கமாகச் சுருங்கியது. வாழ்த்துச் செய்திகளும் முழுப் பக்க விளம்பரங்களும் போனதால் மலர் படிக்கிற மாதிரி ஆனது என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். விழா பள்ளிக்கூட வளாகத்தில் நடந்தது. எதிர்பார்த்த கூட்டம் இல்லை.

மேலட்டையில் 'பேராசிரியர்' என்று போட்டிருந்தோம். நம் ஊரில் கல்லூரியில் பாடம் எடுக்கிற எல்லோரும் பேராசிரியர்தான். தான் வகித்த பதவி விரிவுரையாளர், அதைத்தான் போட வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அட்டை அச்சாகி வந்துவிட்டது. விழாவில் கையெழுத்துக் கேட்டவர்களின் பிரதியில் எல்லாம் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்து 'விரிவுரையாளர்' என்று எழுதிக்கொடுத்தார். என் பிரதியிலும்.

விழாவுக்கு வராத சங்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் பிற்பாடு வந்து, நோட்டின் கட்டங்களை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துப் போனார்கள். அதே கட்டங்களில் இப்போது அவர்கள் எழுதுகிறார்கள். நிறத்துக்குப் பதில் படகின் பதிவு எண்.

பெட்டியில் இருந்த தாள்களின் குண்டூசிகளை எடுத்துவிட்டு, நூலால் கட்டி, உலர்ந்த வேப்பிலை போட்டு மர அலமாரிக்கு மாற்றியிருக்கிறோம். ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கேட்டபோது இடமில்லை என்றார்கள். வலை நோட்டைக் கொடுக்க வாத்தியாருக்கும் மனமில்லை.

மறுபடி செய்தால்

தாளைப் பார்த்த பிறகுதான் ஆளிடம் பேசுவேன். பெட்டியை முதல் நாளே திறந்திருந்தால் நான்கு நாள் மேடைக் கதை மிச்சமாகியிருக்கும், கேள்விகளும் வேறாக இருந்திருக்கும். வரைவு முடியும்வரை யாரிடமும் பணம் வாங்க ஒப்புக்கொள்ள மாட்டேன். பணம் வந்துவிட்டால் மனசு தானாகவே வாக்கியத்தை மழுப்புகிறது, என் ஒரு வரியே சாட்சி. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும்போது அவரைக் கேட்காமல் மகனுடைய சொல்லை வைத்து ஒரு பக்கத்தை எடுத்தது பெரிய தவறு. வயதானவரைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் அவர் வாயைத்தான் அடைத்தோம். எதிர்த்தரப்பை ஐந்தாவது மாதம் வரை விட்டதும் தவறுதான்.

இன்னொன்றும் விட்டுப்போனது. ஆறு மாதமும் எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்த வாத்தியாரின் மனைவியிடம் நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சம்பளம் நின்ற மாதம் அந்த வீடு எப்படி ஓடியது என்பது மலரில் எங்கேயும் இல்லை. விழா முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உதவிப் பேராசிரியையிடம் அவராகவே சொன்னார்: "அவுக எம்மெல்லே ஆனாக, எனக்கு ரெண்டு வளையல் போச்சு. மூணு வருஷம் பொறுத்திருந்தா பென்ஷன் வந்திருக்கும்னு நான் சொன்னேன், யாரு கேட்டா?"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் உட்கார்ந்து எழுதி வருகிறோம். முதல் வாரம் அடுக்களை டப்பா ஒன்றிலிருந்து அடகுச் சீட்டுக் கட்டை எடுத்து வந்து எங்கள் முன் வைத்தார். வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இருக்கா?" என்று கேட்டார்.